ஆஷாடத்துக்கும் ஆவணிக்கும் நடுவில் ஒரு கார்

கண்ணா,

இந்தத் தாளின் வலது மேல் மூலையில் இன்றைய தேதியைப் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடும் இழுத்திருக்கிறேன், பார்த்தாயா? முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுத்தவள் நான். கடிதம் எழுதச் சொன்னால் தேதி போடாமல் நீட்டுகிற பிள்ளைக்கு அரை மார்க் குறைத்துவிடுவேன். "தேதிதானே மிஸ், மத்ததெல்லாம் சரியா எழுதியிருக்கேனே" என்று எத்தனை பிள்ளைகள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சியிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் அந்த அரை மார்க்கைத் திருப்பிக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட நானே ஒரு நாள் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கதையை உன்னிடம் இத்தனை வருஷமாக மறைத்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை நீ போனில் பேசிய பிறகு மறைக்க முடியவில்லை.

என்ன பேசினாய் என்று உனக்கே ஞாபகம் இருக்காது. ஜெர்மனிக்கு எடுத்துப்போக ரசப்பொடி எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில், காரை என்ன செய்யப் போகிறாய் என்றேன். "அது வித்தாச்சும்மா. என் டீம்ல நிகில்னு ஒருத்தன், அவன்தான் எடுத்துக்கிட்டான். சாவியும் குடுத்தாச்சு" என்றாய். பேர் மாற்றியாயிற்றா என்று கேட்டேன். "ஃபார்ம்ல எல்லாம் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன்மா. டேட் மட்டும் போடல, அவனுக்கு லீவு கிடைக்கறப்போ போட்டுக்கிட்டு ஆர்.டி.ஓ. போவான். ப்ரெண்டுதானே" என்றாய். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சரிம்மா, சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிட்டாய். உனக்கு நான் எது சொன்னாலும் இரண்டு 'சரிம்மா'தான். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு நீ 'சரிம்மா' போட முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும். மத்தியானம் உங்கப்பா உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வரும்போது இதையும் கொண்டுவருவார். இன்றைக்கு ஞாயிறு. நீ வியாழக்கிழமை கிளம்புகிறாய். நடுவில் மூன்று முழு நாள் இருக்கிறது, அது போதும்.

நம் வீட்டில் ஒரு கார் இருந்தது உனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும், அந்த வெளிர் நீலக் கார். பின் சீட்டில் உட்கார்ந்து நீ வாந்தி எடுக்காத சாலை பெங்களூரில் கிடையாது. அந்தக் கார் என் பெயரில் இருந்தது என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. உங்கப்பா அரசாங்க உத்தியோகம். கார் வாங்கினால் ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும், பணம் எங்கிருந்து வந்தது என்று பதில் சொல்ல வேண்டும். அந்த மனுஷனுக்கு அப்படிக் கடிதம் எழுதுவது என்றாலே பயம். "உன் சம்பளப் பணமும் இதுல இருக்கு, உன் பேர்லயே இருக்கட்டும்" என்று பெரிய தியாகம் செய்கிறவர் மாதிரி என் பெயரில் வாங்கிவிட்டார். நானும் பெருமையாகத்தான் இருந்தேன். எனக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் சொந்தக்காரி நான்.

நீ எட்டாவது படித்தபோது அதை விற்றோம். மொட்டை மாடியில் உனக்கு ஓர் அறை கட்ட வேண்டும் என்று சேர்த்துக்கொண்டிருந்தோம், அதற்குக் கார் பணமும் சேரட்டும் என்று எண்ணம். ஸ்ரீராம்புரத்தில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்த ருத்ரேஷ் என்பவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். அவருடைய அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராமல் போய், வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தார். பேரமே பேசவில்லை. முழுப் பணத்தையும் மஞ்சள் பையில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். கன்னடக்காரர்களுக்கு அப்போது ஆஷாட மாசம். புதிதாக எதுவும் வாங்க மாட்டார்கள், கல்யாணம் கார்த்திகை எதுவும் கிடையாது. "அம்மா, அப்பாவுக்காக வண்டியை இப்பவே எடுத்துட்டுப் போறேன். ஆனா வாங்கினதா இருக்க வேண்டாம். ஆஷாட முடிஞ்சு சிராவணத்துல பேர் மாத்திக்கறேன்" என்று கன்னடத்தில் கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார். அந்த மனுஷனைப் பார்த்தால் யாருக்குத்தான் மாட்டேன் என்று சொல்ல வாய் வரும்? சரி என்றோம். ஒரு துண்டுத் தாளில்கூட எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதினால் விற்றதாக ஆகிவிடுமே!

சொந்தக்காரர்களிடம் எல்லாம் நான் இதுவரைக்கும்தான் கதை சொல்லியிருக்கிறேன். 'அந்த ஆள் ஆஷாடம் ஆஷாடம்னு இழுத்தடிச்சான், நாங்க மாட்டிக்கிட்டோம்' என்று. அது பாதிப் பொய். மீதியைக் கேள். ருத்ரேஷ் சொன்ன சொல் தவறவில்லை. சிராவணம் பிறந்த முதல் வியாழக்கிழமையே, பெயர் மாற்றுகிற இரண்டு படிவங்களையும் வாங்கிக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு வாசலில் வந்து நின்றார். அன்றைக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகலாம் என்றார். அவருக்கு ஆஷாடம் முடிந்துவிட்டது. எனக்கு ஆடி நடந்துகொண்டிருந்தது! அவர்கள் மாசம் அமாவாசையோடு முடியும், நம் மாசம் சூரியனைப் பார்த்து ஓடும். இந்த ஊரில் கன்னடக்காரர்களும் நாமும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் ஆகாத மாசம் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் முடிவதில்லை. ஆடி மாசத்தில் வீட்டு வண்டியை எழுதிக் கொடுப்பதாவது? "ஆவணி பொறந்துடட்டும், பதினஞ்சு நாள்தானே. நீங்க உங்க ஆஷாடத்துக்கு நிக்கச் சொன்னீங்க, நாங்க நின்னோமில்ல?" என்று கேட்டுவிட்டேன்.

உங்கப்பாவுக்குக் கோபம் வந்தது. "கையெழுத்தைப் போட்டுத் தொலையேன், கடையைப் பூட்டிட்டு வந்திருக்கார்" என்றார். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கையெழுத்துப் போட்டுவிடுவது, தேதி மட்டும் காலியாக விடுவது, ஆவணி முதல் வாரத்தில் நல்ல நாள் பார்த்து அவரே போட்டுக்கொள்வது. எல்லாருக்கும் திருப்தி. என்னைவிடச் சாமர்த்தியசாலி மல்லேஸ்வரத்திலேயே கிடையாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். படிவம் இரண்டிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டேன். தேதி என்கிற இடத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அவர் அவற்றை மடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

இன்ஷூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது ஆஷாடக் கடைசியிலேயே முடிந்துபோயிருந்தது. உங்கப்பாவுக்குத் தெரியும். "வித்த காருக்கு நான் ஏன் கட்டணும்?" என்று விட்டுவிட்டார். ருத்ரேஷுக்கும் தெரியும். பெயர் இன்னும் அவர்களுடையதுதானே, அவர்கள் கட்டியிருப்பார்கள் என்று அவரும் விட்டுவிட்டார். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாக இருக்குமாம். இப்படியாக அந்தக் கார் ஒரு மாசம் போல இந்த ஊர்ச் சாலைகளில் யாருடையதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வரலட்சுமி நோன்புக்கு முந்தின நாள். நான் கலசத்துக்குச் சொம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு போலீஸ்காரர். என் முழுப் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, நோட்டைப் பார்த்துப் படித்தார். நான்தான் என்றேன். அன்று காலை யஷ்வந்தபுரம் மார்க்கெட் திருப்பத்தில், தூறலில் வழுக்கி, உங்கள் கார் ஒரு ஆள் மேல் ஏறிவிட்டது என்றார். பூஜைக்கு வாழைக்கன்றும் பூவும் வாங்கப் போன ருத்ரேஷ்தான் ஓட்டியிருக்கிறார். "ஐயோ, எனக்குக் கார் ஓட்டவே தெரியாதுங்க" என்றேன், சொம்பைக் கீழே வைக்காமலே. அவர் அலுத்துப்போன குரலில் சொன்னார்: "ஓட்டத் தெரியுமான்னு கேக்கலைம்மா. கார் யாருதுன்னு கேக்கறேன்." வித்துவிட்டோம் என்றேன். எப்போது என்றார். ஆஷாடத்தில் என்று சொல்ல வாய் வந்தது. அப்போது வாங்கவில்லையே, எடுத்துக்கொண்டு மட்டும்தானே போனார்? சிராவணத்தில் என்றால் தேதி எங்கே?

அந்த ஆளின் பெயர் ஏழுமலை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. போனால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று வக்கீல் சொன்னார். போகவில்லை. நான் வாழ்க்கையில் கேட்ட அறிவுரைகளிலேயே மோசமானது அதுதான், அதற்குக் காசும் கொடுத்தோம். ஏழுமலை நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். முதல் எதிரி நான், இரண்டாவது எதிரி ருத்ரேஷ். இன்ஷூரன்ஸ் கம்பெனி எங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று ஒரே கடிதத்தில் கழன்றுகொண்டது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாலிசிதான் உயிரோடு இல்லையே.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. நீ டியூஷன் போகிற நேரமாகப் பார்த்துத்தான் நாங்கள் கோர்ட்டுக்குக் கிளம்புவோம். அத்தை வீட்டுக்குப் போகிறோம் என்று உன்னிடம் சொல்லுவோம். 'அப்படி என்னம்மா அத்தை வீட்டுக்கு வாரா வாரம்?' என்று ஒரு தடவை கேட்டாய், உன்னைத் திட்டிவிட்டேன். வீட்டை ஜப்தி செய்துவிடுவார்களோ என்று பயம். உங்கப்பா ராத்திரிச் சாப்பாட்டை ஒரு சப்பாத்தியோடு நிறுத்திக்கொண்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு குத்திக் காட்டிக்கொண்டோம் தெரியுமா? அவர் என் ஆடியைச் சொல்லுவார், நான் அவருடைய இன்ஷூரன்ஸைச் சொல்லுவேன். நீ வந்தவுடன் இரண்டு பேரும் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு வெட்கமான விஷயம். ஒரு நாள் கோர்ட் வராந்தாவில் காத்திருந்தோம். ஒரு பெஞ்சில் நாங்கள். எதிர் பெஞ்சில் ருத்ரேஷும் அவர் மனைவியும். எங்களுக்குள் பேச்சு நின்று மாசக்கணக்காகியிருந்தது. நடுவில், சுவரில் சாய்ந்துகொண்டு, கக்கத்தில் கட்டையோடு ஏழுமலை. அவருக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கஷ்டம், அதனால் நின்றுகொண்டே இருந்தார். திடீரென்று என்னைப் பார்த்து, சண்டை போடுகிற குரலில் இல்லை, பஸ் எப்போது வரும் என்று கேட்கிற குரலில் கேட்டார்: "டீச்சரம்மா, அந்த வண்டி உங்களுதுதானே?"

"பேப்பர்லதான்பா என் பேரு இருக்கு. வண்டி என்னுது இல்ல" என்றேன்.

அவர் ருத்ரேஷ் பக்கம் திரும்பினார். ருத்ரேஷ் தலையைக் குனிந்துகொண்டு, தன் பெயருக்கு இன்னும் வரவில்லை என்று கன்னடத்தில் முணுமுணுத்தார்.

ஏழுமலை கட்டையைச் சரி செய்துகொண்டார். "அவரும் இல்லன்றாரு, நீங்களும் இல்லன்றீங்க. அப்ப என் கால் மேல ஏறுனது யார் வண்டிம்மா? நான் யாரைப் போயி கேக்கறது?"

புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். கண்ணா, உன் அம்மா யார் வம்புக்கும் போகாதவள், யார் சோற்றிலும் மண்ணைப் போடாதவள் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அந்த வராந்தாவில் நான் அப்படி இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் ருத்ரேஷ் கூண்டில் ஏறினார். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சட்டைக்குள்ளிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து, தேதி இல்லாத இரண்டு படிவங்களையும் ஜட்ஜிடம் கொடுத்தார். அவர் நினைத்திருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'டீச்சரம்மாவிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன்' என்று சொல்லியிருக்கலாம். என்னால் என்ன நிரூபித்திருக்க முடியும்? ரசீது இல்லை, சாட்சி இல்லை, ஒரு எழுத்து இல்லை. அவர் சொல்லவில்லை. முழுப் பணமும் கொடுத்து வாங்கியது நான்தான், முதலில் தள்ளிப் போடச் சொன்னதும் நான்தான் என்றார். என் ஆடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

என் முறை வந்தது. தேதி ஏன் போடவில்லை என்று ஜட்ஜ் கேட்டார். ஆடி மாசம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவருடைய ஆஷாடம் முடிந்துவிட்டது, ஆனால் எங்கள் ஆடி முடியவில்லை, அதனால் நான்தான் போட வேண்டாம் என்று சொன்னேன் என்று கன்னடத்தில் விளக்கினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை.

தீர்ப்பு நியாயமாகத்தான் இருந்தது. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஊருக்குச் சொந்தக்காரர், உங்களுக்குள் என்ன பேசிக்கொண்டீர்கள் என்பது ரோட்டில் போகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் ஜட்ஜ். நானும் பொறுப்பு, ஓட்டிய ருத்ரேஷும் பொறுப்பு. ருத்ரேஷ் தன் பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மாசம்கூடத் தவறாமல் கட்டி முடித்தார். நம் பாதிக்கு மாடி அறை போனது. 'ஏம்மா மேல ரூம் கட்டவேயில்ல?' என்று நீ எத்தனை தடவை கேட்டிருக்கிறாய். பிளான் பாஸ் ஆகவில்லை என்று நானும் சளைக்காமல் பொய் சொன்னேன். பி.யு.சி. இரண்டு வருஷமும், இன்ஜினியரிங் நான்கு வருஷமும், கூடத்தில் வந்து போகிறவர்களுக்கு நடுவில் நீ காதைப் பொத்திக்கொண்டு படித்தாய். மொட்டை மாடியில் தூணுக்காக விட்ட கம்பிகள் துருப்பிடித்து அப்படியே நிற்கின்றன. அவற்றில்தான் நான் துணிக்கொடி கட்டியிருக்கிறேன். உன் சட்டையை உலர்த்தும்போதெல்லாம் கட்டாத அந்த அறைதான் ஞாபகம் வரும். அதற்காக இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முன்பே கேட்டிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை.

அந்த நீலக் கார் கடைசியில் ருத்ரேஷ் பெயருக்கு மாறியது. என்ன மாசம், என்ன கிழமை என்று நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் நிகிலைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான். ருத்ரேஷைவிட நல்லவன் ஒருத்தனை நான் பார்த்ததில்லை, அவராலேயே எங்களைக் காப்பாற்ற முடியவில்லையே! அதனால் நாளைக் காலையில் முதல் வேலையாக அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படிவத்தில் காரை ஒப்படைத்த தேதியைப் போடு. உண்மையான தேதி, பின்னால் முன்னால் தள்ளாமல். கார் கைமாறியது என்று உன் பங்குக்கு ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கிற படிவம் தனியாக இருக்கிறது, அது வாங்கினவன் வேலை இல்லை, விற்றவன் வேலை. அதை நீயே நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள். ஆபீஸில் கூட்டமாக இருந்து முடியாமல் போனால், ஒப்புகைச் சீட்டு வைத்து ரிஜிஸ்டர்டு போஸ்டில் அனுப்பிவிடு, தபால் ரசீதை என்னிடம் கொடு. என்னிடம் கொடுத்த தாள் எதுவும் தொலைந்ததில்லை, உன் இரண்டாம் வகுப்பு ரேங்க் கார்டுகூட இருக்கிறது.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில், இன்ன நாள், இன்ன மணிக்கு, மீட்டரில் இத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கும்போது காரையும் சாவியையும் பெற்றுக்கொண்டேன், அந்த மணியிலிருந்து என்ன நடந்தாலும் என் பொறுப்பு என்று அவன் கையாலேயே எழுதி வாங்கு. மணி முக்கியம், விபத்துக்கு மணிக்கணக்கு உண்டு. இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும், உன் ஆபீஸில் ஆளுக்கா பஞ்சம்? அவனுடைய லைசென்ஸும் வீட்டு விலாசமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள். இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்று வாயைத் திறந்து கேள். கம்பெனிக்குக் கார் கைமாறிவிட்டது என்று நீயும் ஒரு கடிதம் எழுது, அவன் பெயருக்கு அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி அவனையும் உட்கார வைத்து எழுத வை. அதுவரைக்கும் பாலிசியை நீயாக நிறுத்திவிடாதே. பேங்க் கடன் அடைத்த கடிதத்தையும் கொடுத்துவிட்டாயா பார், அது இல்லாமல் பெயர் மாறாது. எதையும் விட்டுவிடவில்லையே? பெயர் மாறி வந்த ஆர்.சி.யின் நகல் உன் கைக்கு வரும்வரை இந்தக் காரியம் முடியவில்லை. நீ போன பிறகு அதைக் கேட்டு வாங்குகிற வேலையை உங்கப்பாவிடம் விடு. ரிட்டயர் ஆனதிலிருந்து யாரையாவது நச்சரிக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருக்கிறார்.

நிகில் தப்பாக நினைத்துக்கொள்வானோ என்று உனக்குக் கூச்சமாக இருக்கும். எங்களுக்கும் அதுதான் இருந்தது, வேறொன்றும் இல்லை. பழியை என் மேல் போடு. 'எங்கம்மா ஒரு மாதிரி, ரிட்டயர்டு டீச்சர், விடமாட்டேங்குறாங்க, அவங்களுக்காக வாடா' என்று சொல். அவன் சிரித்துக்கொண்டே வருவான். அவனுக்கும் இது நல்லதுதான் என்று ஒரு நாள் புரியும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எட்டாவது கிராஸ் தெரு மூலையில் ஸ்டூல் போட்டு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் விற்பாரே, பக்கத்தில் ஒரு கட்டை சாய்த்து வைத்திருப்பாரே, அவரைத் தெரியும்தானே? மார்க்கெட் முழுக்கப் பேரம் பேசுகிறவள் அவரிடம் மட்டும் சொன்ன விலையைக் கொடுக்கிறேன் என்று நீ என்னைக் கேலி செய்வாய். அவர்தான் ஏழுமலை. மூட்டை தூக்க முடியாமல் போன பிறகு, எங்களிடமிருந்து வந்த பணத்தில் அந்தக் கடையைப் போட்டார். முதல் நாள் அவரைப் பார்த்ததும் எதிர்ப் பக்கம் நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர்தான் "டீச்சரம்மா, வாங்க" என்று கூப்பிட்டார்.

நீ உன் காரை வாங்கினபோது, பூஜைக்குச் சக்கரத்துக்கு அடியில் வைக்கிற நாலு எலுமிச்சம்பழத்தை அவரிடம்தான் வாங்கினேன். வேறு கடைக்குப் போக எனக்கு மனசு வரவில்லை, அவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை. எதற்கு என்று அவராகவே புரிந்துகொண்டார். புள்ளி இல்லாத பழமாகப் பார்த்துப் பொறுக்கினார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "தம்பியைப் பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்றார். பிறகு, பையை என் கையில் கொடுக்கும்போது, "வண்டி தம்பி பேர்லதானேம்மா இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்று தலையை ஆட்டினார்.

நேற்று மிளகாய் வாங்கப் போனேன். தம்பி வெளிநாடு போகிறானாமே, சந்தோஷம் என்றார். கார் என்னாச்சு என்றார். விற்றுவிட்டான் என்றேன்.

"இப்ப அது யாருதும்மா?" என்றார்.

அன்றைக்குக் கோர்ட் வராந்தாவில் செய்த மாதிரியே நான் வேறு பக்கம் பார்த்தேன். மிளகாயை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், மீதிச் சில்லறைகூட வாங்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் மறுபடியும் அந்தப் பக்கம் போவேன், உன் பிரயாணத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும். அதற்குள் அவருக்குச் சொல்ல ஒரு பெயர் எனக்கு வாங்கிக் கொடு.

உன்
அம்மா